பெரிய வெள்ளிக்கு முன்னால் வாங்க

ஓசூர்,
ஏப்ரல் 2006

என் வீட்டுக்காரர் சுடலைமுத்து மாமாவுக்கு மாரம்மா எழுதுவது. கர்த்தர் உங்க பக்கத்தில் இருக்கட்டும். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்துத் தப்பைப் பார்க்காதீங்க, விஷயத்தைப் பாருங்க.

உங்ககூட கம்பெனி வேன் ஓட்டின ஹரீஷ்குமார் தம்பி நேற்று வீட்டுக்கு வந்தார். குருபரப்பள்ளியில் டீக்கு நிறுத்தினபோது, ஓட்டல் பின்பக்கம் நீங்க பாத்திரம் கழுவுவதைப் பார்த்தாராம். முதலில் அடையாளமே தெரியவில்லையாம். செருப்பு இல்லை, காலெல்லாம் வெடித்து ரத்தம், தாடி. ஒரு வேளை சோறு, அதுவும் உப்பில்லாமல். பெரிய வெள்ளியிலிருந்து பச்சைத் தண்ணிகூடத் தொடப்போவதில்லை, ஆண்டவர் என்னை ஏற்றுக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் போய்ச் சேர்கிறேன் என்று சொன்னீங்களாம். அக்கா, அண்ணன் சாகிறதுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். உங்க செல்லுக்கு எத்தனை தடவை போட்டாலும் அணைத்தே கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

எனக்கு உங்க மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னார் பாஸ்டர் ஐயா. பொய் எழுத மாட்டேன். வேனை ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கிற பாட்டு, ஊருக்கெல்லாம் வண்டி வருகிறது ஒதுங்கு என்று சொல்லும். நம்ம வினிதாவுக்கு மட்டும் அப்பா வந்துட்டார் என்று சொல்லும். அதைக் கேட்டுத்தான் ஓடினாள். நீங்க கண்ணாடியில் பார்த்துத்தான் எடுத்தீங்க. அவள் கண்ணாடியில் தெரிகிற உயரம் இல்லை. இதெல்லாம் என் புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் தெருவில் எந்த வண்டி பின்னால் வந்தாலும் உங்க முகம்தான் முன்னால் வருகிறது. அந்த முகத்தை அடிக்க வேண்டும்போல் இருக்கிறது. அப்புறம் அது சாப்பிட்டதோ இல்லையோ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே நிமிஷத்தில்.

ஜவளகிரியிலிருந்து என் அக்கா வெள்ளையம்மா வந்து நாலு நாள் இருந்தாள். சாமியை மாத்தினீங்க, சாமி பிள்ளையை எடுத்துக்கிச்சு, இன்னும் எதுக்குடி அந்தக் கூரைக் கொட்டகைக்குப் போறே என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கால் தானாகப் போனது. போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்து பாடினார்கள், நான் எழுந்திருக்கவில்லை. ஜெபம் என்று வாயைத் திறந்தால் ஏன் ஏன் என்றுதான் வருகிறது. அதையே ஜெபமாக வைத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாமா, இப்போது சொல்லப்போவதைக் கோபப்படாமல் கேளுங்க. அடக்கம் முடிந்த பிறகு, கொளுத்துகிற வெயிலில் ஜெபவீட்டைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்தீங்களே. பாஸ்டர் ஐயா ஓடிவந்து, தம்பி, நம்ம ஆண்டவர் இதையெல்லாம் கேட்கிறதில்லையே என்று தூக்கினார். என்ன வேணுமோ கேட்கச் சொல்லுங்க ஐயா, செய்து தீர்த்துடறேன் என்று அவர் காலைப் பிடித்தீங்க. அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. முடி கொடுத்து, கிடா வெட்டி, நேர்ந்ததைச் செய்து முடித்தால்தான் சாமி விடும் என்று நீங்களும் வளர்ந்தீங்க, நானும் வளர்ந்தேன். தண்ணியில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தோம். அந்தப் பழக்கம் மட்டும் முங்கவே இல்லை.

என்ன செய்து தீர்ப்பீங்க? காலைப் புண்ணாக்கினால் வினிதாவுக்கு ஈடாகுமா? உயிரைக் கொடுத்தால் ஆகுமா? ஆகாது. பெத்தவள் சொல்கிறேன், ஆகாது. யாராலும் ஆகாது என்றுதான் ஆண்டவரே வந்தார்.

சிலுவையில் அவர் பக்கத்தில் தொங்கினானே ஒரு திருடன், அவனை நினைத்துப் பாருங்க. கையும் காலும் ஆணியில் இருந்தது. உருள முடியுமா, விரதம் இருக்க முடியுமா, திருடினதைத்தான் திருப்பிக் கொடுக்க முடியுமா? தலையை மட்டும் திருப்பினான், என்னை நினைச்சுக்கோங்க என்றான். போதும் என்று சேர்த்துக்கொண்டார். நாம் இரண்டு பேரும் இப்போது அந்த ஆள் மாதிரிதான். தலையைத் திருப்புகிறது ஒன்றுதான் நம்ம கையில் மிச்சம் இருக்கிறது.

எனக்குப் பெரிய விசுவாசம் வந்துவிட்டது என்று நினைக்காதீங்க. ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகிறேன், பூ வெட்டுகிறேன், முள் குத்தினால்கூட உறைக்கவில்லை. அவரைப் பிடித்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அவர்தான் என்னைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை நாள் நான் கிணற்றில் கிடந்திருப்பேன். அந்த ஒன்றை நம்பித்தான் காலையில் எழுந்திருக்கிறேன். கீழே வேறு தரை இல்லை மாமா. உங்களை மன்னிக்கிறதுக்கும் என்கிட்ட ஒன்றும் இல்லை. அவர் கொடுத்தால் கொடுக்கிறேன். தினம் கேட்கிறேன். இன்னும் முழுசாக வரவில்லை, ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை சாக வேண்டியவர் எப்போதோ செத்துவிட்டார். அதே நாளில் நீங்களும் சாகணும் என்றால், அவர் செத்தது பத்தவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. அந்தப் பாவத்தைச் செய்யாதீங்க.

தம்பி வேனில் ஏறப் பயமாக இருந்தால் ஏறாதீங்க. நடந்தே வாங்க, எத்தனை நாள் ஆனாலும் சரி, வழியில் கிடைப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு வாங்க. நீங்க வந்து நின்றால் என்ன பேசுவேன் என்று தெரியாது. ஏசினாலும் ஏசுவேன். கதவைத் திறப்பேன், அது நிச்சயம்.

தூங்கும்போது வினிதா உங்க காதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள் என்று அக்காவிடம் சொன்னேன். சரி சரி அழாதே என்று பேச்சை மாற்றிவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும். அந்தக் காது உங்ககிட்டதான் இருக்கிறது. அதையும் மண்ணுக்குக் கொடுத்துவிடாதீங்க.

கர்த்தர் உங்க காலுக்கு முன்னால் நடக்கட்டும்.

இப்படிக்கு,
வினிதாவின் அம்மா
மாரம்மா