நாலு காலுக்கும் சப்பாத்து

டொரன்டோவில் ஒளித்திருக்கும் அப்பாவுக்கு,

மொன்றியலில் பனி தொடங்கிவிட்டது. நீங்கள் சித்தப்பா வீட்டிலும் கார்ச் சாவியைத் தொடுவதில்லையாம்.

அண்ணை பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். நேற்று இருவரும் சென்ட் லோரன்டில் அதே டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் போன வருடம் போலவே நாலு விரல் காட்டினார். "முன்சில்லுதானே இழுக்குது, ரெண்டு பனி டயர் காணும்" என்று போன முறை போலச் சொல்லத்தான் நீங்கள் இல்லை.

முன்னுக்கு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் தனியாக நடனமாடப் போய்விடும் என்று அவர் விளக்கினார். அண்ணை வெளியே போய் நின்றுகொண்டார். நாங்கள் அம்மாவை இழந்த டோர்வல் வளைவில், பின் சீற்றில் இருந்தது அவதான் என்று நான் கடைக்காரருக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை நேரம் கோயில் வளவில் நின்ற கார்களையெல்லாம் குனிந்து பார்த்தேன், அப்பா. பாதிக்கு மேல் முன்னுக்கு மட்டும்தான் பனி டயர். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு காகிதத் துண்டு செருகினேன்: "முன்காலுக்குச் சப்பாத்து, பின்கால் வெறுங்காலோ?"

"ஆரடா இந்தக் குரங்கு வேலை பாத்தது?" என்று அஞ்சலீனா மாமி கத்தினா. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதா. அவவின் பிள்ளைகள் பின் சீற்றில் இருந்து சிரித்தார்கள்.

அரைவாசிப் பேருக்கு மேல் உங்களைப் போலத்தான் போட்டிருக்கிறார்கள், அப்பா. வழுக்கியது எங்களுடையது மட்டும்தான்.

இந்தக் காருக்கு நாலும் போட்டாயிற்று. வந்து ஓட்டுங்கோ. பின் சீற்றில் நான் இருக்கிறேன்.

உங்கள் வால்