ஜன்னலோரத்து மீன்தொட்டி

மகளே,

ஒரு வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். பொழுது விடிந்ததும் மீன்தொட்டியின் முன் அமர்ந்து, இரை தூவி, பழைய தண்ணீரை மொண்டு கொட்டிய பிறகுதான் அவர் வேறு வேலை பார்ப்பார். அவருடைய மகளுக்கோ பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி பசைபோல் இறுகி நுரையீரலில் தங்கும், கிருமிகள் அதில் எளிதாகக் குடியேறும்; செரிமானமும் தடைபடும்.

"தேங்குன தண்ணியில வளர்ற கிருமி எனக்கு ஆகாதுப்பா. தொட்டிய எடுத்துடுங்க," என்றாள் மகள்.

"வாயில்லா ஜீவன் உன்னை என்னம்மா பண்ணுச்சு?" என்று சீறினார் அவர்.

"அப்ப மீனையே பெத்திருக்கலாமே!" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த மாதமே நெஞ்சில் கிருமி. ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். கிருமி எங்கிருந்து வந்ததென்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகமே வாத்தியாரின் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

இன்று நீ வீடு திரும்பும்போது அவர் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருப்பார். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறார். முதல் வாயோடு செரிமான மாத்திரையை விழுங்கிவிடு. நீ மருந்துப் புகை இழுக்கும் நெபுலைசர் கிண்ணத்தைக் கொதிக்கவைத்து, துணி படாமல் உலர்த்தியிருக்கிறார்.

இப்படிக்கு,
களைத்துப்போன அப்பா

பின்குறிப்பு: மீன்கள் மாடித் தையற்காரர் வீட்டுக்குக் குடிபோய்விட்டன. ஜன்னலோரத்தைக் கழுவிக் காயவிட்டு, உன் நாற்காலியைப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று: இனி விடிந்ததும் என் முதல் வேலை, சளி இளக உன் முதுகைத் தட்டிவிடுவதுதான். கதவை மட்டும் சாத்திவிடாதே, அம்மா.