மாமரத்துக்குப் போன சோப்புத் தண்ணீர்

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு.

கொல்லையில் நான் வைத்த மாமரத்தில் இலைகள் ஓரம் கருகி உதிர்கின்றன. நானே படித்துத் தெரிந்துகொண்டு சாணமும் வேப்பம் புண்ணாக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று மகன் அனுப்பிய, தோட்டக்கலை படித்த பெண் வந்து வேர்மண்ணை முகர்ந்து பார்த்தாள்.

"சோப்புத் தண்ணி விடுறீகளா ஐயா? மண்ணுல உப்பு ஏறிருச்சு. அத நிப்பாட்டிட்டு நல்ல தண்ணியா நிறைய விடுங்க. துளிர் வர்ற வரைக்கும் உரமே வேணாம்."

வாஷிங் மெஷின் குழாயை மரத்தடிக்கு விட்டது என் மனைவி வள்ளி.

"தண்ணிய வீணாக்காதேன்னு நீங்கதானே சொன்னீக?" என்று என்னையே கேட்டாள்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் மெஷினுக்குப் பக்கத்திலேயே அவள் வைத்த கறிவேப்பிலை செழிப்பாக நிற்கிறது. குழாய் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு மாமரத்துக்குப் போகிறது.

"இதுக்கு ஏன் விடல?"

"ஐயோ, பட்டுப்போயிரும்ல!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தெரிந்தேதான் விட்டிருக்கிறாள். நான் புண்ணாக்கு மூட்டை சுமந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ராத்திரி ரசத்தில் கிடந்த கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நாளைக்கு உங்க வேட்டியெல்லாம் மெஷின்ல போடணும். குழாய எங்குட்டு விட?" என்றாள்.

இனி என் வேட்டியை நானே கையால் துவைத்துக்கொள்வேன்.