கட்டம் சேராத இடது தோள்

இன்று காலை கடைக்குள் நுழைந்ததும் ஃபிளெக்ஸ் மை வாசனை மூக்கில் ஏறியது. உனக்குப் பிடித்த வாசனை, எனக்குத் தலைவலி. மெஷினிலிருந்து ஒரு பேனர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் பட்டுப்புடவை பார்டர், பிறகு மணமக்கள், அவர்களுக்குப் பின்னால் மங்கலாகக் குடும்பப் படங்கள். உன் அண்ணனின் கல்யாண பேனர். அதில் நீ இல்லை.

உன் வருஷத் திதி முடிந்த கையோடு, தள்ளிப்போன கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். போன வாரம் உன் அண்ணன் பழைய படங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து, என் பக்கத்தில் உன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். சின்ன வயதுப் படம், வேலையில் சேர்ந்த நாள் படம், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து பின்னணியாக வர வேண்டும் என்றார். பாதிப் படங்களில் நீ இருந்தாய்.

"அவள மட்டும் எடுத்துடும்மா. கல்யாண பேனர்ல போனவங்க மூஞ்சி இருந்தா பொண்ணு வீட்ல பேஜார் பண்ணுவாங்க."

முகூர்த்தத்துக்கு முன் வீட்டுக்குள் பூவாடைக்காரி படையல் உண்டாம், செத்துப்போன பெண்ணைச் சாமியாக்கிக் கும்பிடுவது. உனக்குப் புதுப்புடவையும் பூவும் வளையலும் வைத்து, கல்யாணத்தை நல்லபடியாக நடத்திக்கொடு என்று கும்பிடுவார்களாம். அதையும் அவரே சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட நீ வேண்டும். வாசலில் நாலு பேர் பார்க்க நீ கூடாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி வாங்கிய கையோடு இந்தக் கடைக்கு வந்தவள் நான். கஸ்டமர் வந்தால் மானிட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். நீதான் எனக்கும் சேர்த்துப் பேசினாய். என் பட்டமளிப்புக்கு அப்பாவும் அம்மாவும் வர முடியவில்லை, தறியில் பாவு ஏற்றிய நேரம். மறுநாளே நீ வீட்டுக்கு வந்து, சுவரோரம் அவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்தாய். அங்கியோடு நான் நிற்கும் படத்தில், ஆளுக்கொரு லேயராக அவர்களை என் இரண்டு பக்கமும் வைத்தாய். அப்படியும் அவர்கள் படத்தில் ஒட்டாமல் தெரிந்தார்கள். "நிழல் போடலன்னா ஆளு மெதப்பாங்க டீ" என்று காலடியில் நிழல் வரைந்தாய். அதன்பிறகு அவர்கள் அங்கே வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் அந்தப் படம்தான்.

அப்படிப்பட்ட உன்மேல்தான் எனக்கு அதிகக் கோபம், தெரியுமா?

பாஸ்போர்ட் படங்களில் மஞ்சளை எடுப்பதுதான் நாள் முழுக்க நம் வேலை. உன் கண்ணில் மஞ்சள் ஏறியதை நான் பார்க்காமல் இருப்பேனா? சொன்னேன். "உன் கண்ணுல கலர் பேலன்ஸ் போச்சு, விடு டீ" என்று சிரித்தாய். மறுநாள் டீ குடிக்க முடியாமல் வாந்தி எடுத்தாய். அப்போதும் "விடு டீ" என்றாய். அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்கு நூறு வேலை இருக்கிறது என்றாய். என் கூச்சத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு உன் வீட்டு வாசலுக்கே வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் பந்தல்காரரிடம் போனில் பேசிக்கொண்டே, "நிச்சயம் முடியட்டும்மா, நானே வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்" என்றார். முடிந்தது. அழைத்துப் போனார். கண்ணமங்கலம் வழியாகப் பஸ்ஸில் போன நீ, ஆம்புலன்ஸில் திரும்பினாய்.

போன வாரம் அவர் சொன்னபடியே உன்னை ஒவ்வொரு படமாக வெட்டினேன். பொங்கல் படத்தில் நீ ஓரத்தில் நின்றதால் சுலபமாகப் போனாய். கோயில் படத்தில் நீ போன இடத்தில் ஒரு தூணை நகல் எடுத்து வைத்தேன். கடைசியாக உன் அண்ணன் வேலையில் சேர்ந்த நாள் படம். கட்டம் போட்ட சட்டையில் அவர் நிற்க, பின்னால் நின்று இடது தோளில் கை வைத்திருக்கிறாய். உன் முகத்தை எடுத்தேன், உடம்பை எடுத்தேன். கை மட்டும் அவர் தோளிலேயே நின்றது.

நம் தொழிலில் அவசரத்தில் நடக்கும் தப்பு அது. ஆளை வெட்டிவிட்டுத் தோளில் கிடக்கும் கையை மறந்துவிடுவது. கட்சி பேனர் ஒன்றில் அப்படி ஒரு கை தொங்கியதைப் பார்த்து, ஆவிக்குக்கூடப் பதவி கொடுத்துவிட்டார்கள் என்று நாள் முழுக்கச் சிரித்தாயே. நான் இந்தக் கையை மறக்கவில்லை. வலது தோளின் துணியை எடுத்து இடது தோளில் ஒட்டினால் முடிந்தது. என் கை மவுஸைத் தொடவில்லை.

மறுநாள் அண்ணன் பார்க்க வந்தார். திரையில் கையைக் காட்டி, "இது இன்னாம்மா, யாரு கை?" என்றார்.

"உங்க தோள்ல யாரு கை இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாதாண்ணா?"

என் குரல்தான் அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் திரையை உற்றுப் பார்த்தார். முகம் ஒரு கணம் கலங்கியது; இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதையும் எடுத்துடு" என்றார்.

"மாட்டேங்க. நான் எடுக்க மாட்டேன்."

ஓனர் எழுந்து வந்தார். என்னைத் திட்டவில்லை. "நவுரும்மா" என்று மவுஸை வாங்கி, அவரே துணியை ஒட்டினார். அவருக்கு உன் அளவுக்குப் பொறுமை ஏது?

இன்று மெஷினிலிருந்து அந்தத் தோள் இறங்கியபோது கிட்டே போய்ப் பார்த்தேன். கட்டங்கள் சேரவில்லை. ஒரு கோடு ஏறியும் ஒரு கோடு இறங்கியும், சரியாக ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. மண்டபத்துக்கு வருகிற யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. நான் அதை மட்டும்தான் பார்த்தேன்.

கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் பாஸ்போர்ட் படத்தில் யார் கண்ணாவது மஞ்சளாகத் தெரிந்தால், நிறத்தைத் தொடுவதற்கு முன் எழுந்து போய் அவர்களையே நேரில் பார்க்கிறேன். "உடம்பு எப்படிங்க இருக்குது, ரத்த டெஸ்ட் பண்ணீங்களா" என்று கேட்கிறேன். முந்தாநாள் பெரணமல்லூர்க்காரர் ஒருவர், "போட்டோ எடுக்க வந்தா நீ இன்னா டாக்டரா?" என்று சத்தம் போட்டார். படத்தை அவர் கையில் கொடுக்காமல் மறுபடியும் கேட்டேன்.

நீ விடு விடு என்றாய். நான் விடுவதாக இல்லை.