எல்லாக் கதையிலும் வந்துவிடும் அம்மா

நியூயார்க்,
வெள்ளிக்கிழமை, மார்ச் 1957

லெஸ்டருக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்காலைத் தவிர. பாஸ்டனில் இன்னும் பனி கொட்டுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அங்கே உன் நாடகத்தின் வெள்ளோட்டம் முடியும்வரை நீ காப்பியைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஒரு கிண்ணம் சூப்பாவது குடி.

முதல் நாள் காட்சிக்கு நீ அனுப்பிய இரண்டு டிக்கெட்டும் கிடைத்தன. உறையின் பின்னால் "அம்மா, இது உனக்காக எழுதுனது" என்று கிறுக்கியிருந்தாய். நான் வரப்போவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

என் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே. இசை நாடகம் மேடையேறுவதற்கு முன்பே அதன் கதையைத் தர்மச் சங்கத்துப் பெண்களிடம் சுவையாகச் சொல்லி, ஒரு காட்சியின் மொத்த டிக்கெட்டையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டும். இந்த நாடகப் பருவத்தில் ஆஸ்பத்திரிச் சங்கத்துக்கு முதலில் ஒரு சர்க்கஸ் நாடகத்தின் கதையைச் சொன்னேன். அடுத்து திமிங்கல வேட்டைக்காரர்கள் நாடகம். செவ்வாய்க்கிழமை உன்னுடைய ரொட்டிக்கடைக் கதை. என் பிள்ளை எழுதியது என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தேன்.

பாதியில் திருமதி ஆடெல்மன் கேக்கை மென்றுகொண்டே, "மின்னா, இதத்தான போன தடவையும் சொன்ன? அப்ப திமிங்கலம், இப்ப ரொட்டி" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "அதுக்கு முந்தி யானை" என்றாள். மேஜை முழுக்கச் சிரிப்பு.

அவர்கள் சொன்னது நிஜம். மூன்றிலும் பிள்ளை வேற்று மதத்துப் பெண்ணைக் காதலிக்கிறான். அம்மா தட்டை உடைக்கிறாள், கதவைச் சாத்துகிறாள், இடைவேளை விடுகிறார்கள். கடைசியில் கல்யாண வீட்டுக்குள் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு அவளாகவே நுழைகிறாள். முன்பு கத்திப் பாடிய அதே சாபப் பாட்டை இப்போது மெதுவாக, வயலினோடு பாடுகிறாள். எல்லாரும் ஆட, திரை விழுகிறது.

இந்த மூன்றையும் எழுதிய நீங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லையாம். விசாரித்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்துத் திருடியிருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். மூன்று வளர்ந்த ஆண்பிள்ளைகள் தனித்தனி அறையில் உட்கார்ந்து அதே பொய்யை எழுதியிருக்கிறீர்கள். பெற்றவள் மனம் மாற ஒரு பாட்டு போதுமா? அந்த வயலினை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

திருமதி ஆடெல்மன் அதோடு விடவில்லை. "கடைசியில அம்மாக்காரி வந்துருவா, அதான? ஆமா, உன் பையன் கல்யாணத்துக்கு நீ போனியோ?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. நான் போகாததும் ஏன் போகவில்லை என்பதும் ஊருக்கே தெரியும். நான் விலைப்பட்டியலை எடுத்து நீட்டினேன். அவர்கள் திமிங்கல நாடகத்துக்குத்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. டிசம்பரில், நம் யூதர்களின் ஹனுக்கா பண்டிகைச் சமயத்தில், நீ ஒத்திகையில் இருந்த ஒரு மத்தியானம், நான் புரூக்ளினில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். தேன் கேக் செய்து எடுத்துக்கொண்டு உங்கள் மாடிவரை ஏறினேன். உள்ளே அந்தப் பெண், உன் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. மணியடிக்கக் கை வரவில்லை. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது? கோட்டுப் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கேக்கை என் தோழி பெல்லா தின்றாள். காய்ந்துபோயிருக்கிறது என்று குறை வேறு சொன்னாள்.

அம்மாக்கள் அப்படித்தான் வருவார்கள், லெஸ்டர். வாசல்வரை வருவார்கள். அதற்கு மேல் அவர்களால் முடியாது. இது உங்கள் மூவரில் ஒருவனுக்குமா தெரியவில்லை?

நியூயார்க்கில் மேடையேறுவதற்குள் கடைசிக் காட்சியை மாற்று. பாட்டை எடுத்துவிடு, தொப்பியையும் எடுத்துவிடு. அம்மா வெளியே நிற்கட்டும். உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்து கதவைத் திறக்கட்டும். பெரிய வசனம் எதுவும் வேண்டாம். "குளிருது, உள்ள வாங்க" என்றால் போதும்.

ஒரு பெண் அப்படிச் சொல்வாளா என்று எனக்கு நிச்சயமில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் பண்ணி உன் நோரீனிடம் கேட்டுப் பார். நாடகத்துக்காகத்தான் கேட்கச் சொல்கிறேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் இருப்பாளா என்பதையும் கேள். இந்தத் தடவை கேக்கில் தேனைக் கூடுதலாகவே ஊற்றுகிறேன்.

இருவரும் நன்றாக இருங்கள்.

அம்மா