மூன்றாம் அடுக்குக்கு என் கையெழுத்து இல்லை

12 ஆகஸ்ட் 2008, செவ்வாய்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண். ஸ்கூட்டி பங்சர். பெரியபட்டினத்திலிருந்து சைட் வரை தள்ளிக்கொண்டே.

செய்ய:
– குழாய் அளவு (செவ்வாய், சனி மறக்காமல்)
– கம்ப்யூட்டரில் மூன்றாம் அடுக்கு
– யு.பி.எஸ். பேட்டரி, நாலாவது தடவை கேட்கணும்
– தலைக்கு எண்ணெய்

மீன் இறங்குதளத்துக்குப் போகும் ரோட்டுக்காக மேடு எழுப்புகிறோம். அடியில் ஆறு மீட்டர் சேற்றுக் களி. இரண்டு அடுக்கு மண் போட்டாச்சு. களிக்குள் இறக்கிய குழாயில் இன்று தண்ணீர் மட்டம் போன வாரத்தைவிட முக்கால் மீட்டர் கீழே. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாம்மா, உள்ள இருந்த அழுத்தம் வடிஞ்சிருச்சு. இருபத்தஞ்சாந் தேதி மூணாவது அடுக்கு. அடுத்த மாசம் திறப்பு விழா."

என் சாஃப்ட்வேர் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வடிய இன்னும் இரண்டு மாசம்.

13, புதன்

கம்ப்யூட்டரில் கணக்கை மூன்று தடவை ஓட்டினேன். இரண்டு தடவை கரண்ட் போச்சு.

மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "களிக்குக் கீழயும் தண்ணி வடியும்னு டிக் பண்ணு." ஒரே ஒரு டிக். பண்ணிப் பார்த்தேன். இரண்டு மாசம் பதினைந்து நாளாச்சு. கிராஃப் கண்ணுக்கு அழகு.

கீழே இருப்பது இறுகின பாறை, தண்ணீர் இறங்காது. துளை போட்டபோது எடுத்த துண்டு இதே மேஜையில்தான் கிடக்கிறது. டிக்கை எடுத்துவிட்டேன்.

"குழாயே வடிஞ்சிருச்சுங்குது. நீ யாரும்மா இல்லைங்கிறதுக்கு?"

சுருக்கென்றது. குழாய் சரியாகி, நான்தான் தப்போ? பயம். பயத்தைவிடக் கோபம்.

16, சனி

காலை. மேட்டின் அடியில் பதினாலு ஓலை வீடு. முதல் வீடு சகாயமேரி அக்கா, கருவாடு விற்பவர். "எஞ்சினியரம்மா, இன்னும் மண்ணு போட்டா என்னாகும்?"

சொன்னேன். மேலே ஏற்றுகிற பாரத்தை இப்போதைக்குக் களிக்குள் சிக்கின தண்ணீர்தான் தாங்குகிறது. அது வெளியேறினால்தான் களி இறுகும். அதற்குள் அவசரப்பட்டால் பக்கவாட்டில் சரியும்.

"சரிஞ்சா என் அடுப்புலதான வந்து விழும்?"

"ஆமாக்கா." பொய் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு குழாய்க்குப் போனால், வாட்ச்மேன் கருப்பையா அண்ணன் குத்தவைத்துச் சட்டி கழுவுகிறார். கையில் கயிறு கட்டின ஒல்லித் தகரக் குவளை. குழாயிலிருந்து அள்ளுகிறார்!

"மேல வந்து வழிஞ்சுகிட்டு கெடந்துச்சு தாயி. எங்க அபிராமத்துப் பக்கம் ஒரு கொடத்துக்கு எம்புட்டுத் தூரம் நடப்போம்! வீணாப் போகுதேன்னு அள்ளுனேன். உப்புத்தான். சட்டிக்கு ஆகும்."

"எத்தனை நாளா?"

"பத்து நாளிருக்கும்."

சிரிப்பா, அழுகையா தெரியவில்லை. களி சொட்டுச் சொட்டாகத்தான் விடும். அள்ளினது மறுபடி ஏற நாள் கணக்காகும். அதுதான் அந்த முக்கால் மீட்டர்!

தப்பு என்னுடையது. குழாய்க்கு மூடி போடவில்லை, அது எதற்கு என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. இந்த ஊரில் தண்ணீரைத் திறந்துவைத்துவிட்டு யாரும் தொடக்கூடாது என்றால் எப்படி?

மத்தியானம் ராமநாதபுரம். மூடி, பூட்டு, தேங்காய் பன்.

19, செவ்வாய்

நாற்பது சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அள்ளின கதையை மேனேஜரிடம் சொன்னேன். முதல் வேலையாகக் கருப்பையா அண்ணனை அனுப்பப் பார்த்தார். அனுப்பினால் நானும் போவேன் என்றேன். முறைத்தார். நானும்.

யு.பி.எஸ். இன்னும் வரவில்லை.

23, சனி

மூடியைத் திறந்ததும் விளிம்பில் தண்ணீர். வழிகிறது. கம்ப்யூட்டர் சொன்ன மட்டத்துக்கும் இதற்கும் விரற்கடை வித்தியாசம். ஒரு குதி குதித்தேன். கருப்பையா அண்ணன் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

மேனேஜரிடம் கடிதம்: மூன்றாம் அடுக்கு இப்போது கூடாது.

"எழுத்துல எதுக்கும்மா? வாயால சொன்னாப் போதாதா?"

போதாது. நகலில் ஆபீஸ் சீல் வாங்கிக்கொண்டேன்.

25, திங்கள்

ஏழு மணிக்கே மண் லாரிகள் வரிசையாக. கடிதம் குப்பைக்குப் போயிருக்கும்.

டிக் போட்ட கிராஃபை பிரிண்ட் எடுத்து ஜீப் பானெட்டில் விரித்தேன். "சார், என் பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க, லாரி ஏறட்டும்."

டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். பதினாலு வீடும் வெளியே. மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

சகாயமேரி அக்கா முன்னால் வந்தார். "அய்யா, போடுறதுக்கு முன்ன ஒரு வார்த்தை சொல்லுங்க. பிள்ளைகளையும் சட்டி பானையையும் வெளிய எடுத்துக்கிறோம்."

கிண்டலே இல்லை. நிஜமாகத்தான் கேட்டார்.

மேனேஜர் பேனாவை மூடினார். யார் முகத்தையும் பார்க்காமல், "லாரியத் திருப்பச் சொல்லு."

சாயங்காலம் எனக்கு மாற்றல் உத்தரவு. நாளை பத்து மணிக்கு மதுரை ஆபீசில் இருக்கணுமாம்.

நாளை செவ்வாய். அளவு எடுக்கிற நாள். பத்து மணிக்கு இங்கேதான் இருப்பேன்.