கேட்டைத் தாண்டிய தங்க வாட்ச்

இன்று காலை ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ரிப்பேர்காரர் உன் வாட்சைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்மூடியின் ஓரமெல்லாம் கீறல். "எந்த மகராசன் இத பேனாக்கத்தியால நெம்பினான்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை வாசலில் நின்று நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்துப் பூக்காரி ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு எங்கே தெரியும், அந்தக் கத்தி திறந்தபோது நம் இரண்டு பேர் உயிரும் கையில் இருந்தது.

வாட்சைக் கொடுத்தனுப்பியது உன் மகள். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புது வாட்ச் வேண்டாம், அப்பாவுடையதே போதும் என்று அவளே தீர்மானித்துவிட்டாள். ஓட வைத்துக் கொடுங்கள் என்பது மட்டும்தான் என்னிடம் அவள் கேட்டது. பதினைந்து வருஷமாக நீ ஓட வைக்காததை நான் ஓட வைக்க வேண்டுமாம். அப்பன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

நாம் அதை முதலில் பார்த்த கடை இப்போது துணிக்கடை. தங்கச் சுரங்கத்து மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிது நமக்கு. கல்லைப் பொடியாக்கித் தங்கம் பிரிக்கிற இடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயந்தரமானால் அந்தக் கண்ணாடி அலமாரி முன்னால் போய் நிற்போம். இரண்டும் ஒரே சுவிஸ் கம்பெனி, ஒரே முகம், ஒரே முள். ஒன்று தங்கக் கூடு, மெலிசு, சட்டைப் பொத்தான் கனம்தான். மற்றது எஃகு. எஃகே நமக்கு எட்டாத உயரம்தான். ஆனாலும் நீ அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தங்கத்தையே வாங்குவது, ஒரே நாளில் கட்டிக்கொள்வது என்று அங்கேயே என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய்.

நம் ஊரில் வாட்சுக்கு என்ன வேலை? மில் சங்கு ஊதினால் எழுந்தோம், சங்கு ஊதினால் சோறு தின்றோம், குழந்தைக்குப் பால் கொடுப்பதுகூடச் சங்கைக் கேட்டுத்தான். வாட்ச் கட்டுகிறவன் மணி பார்க்கக் கட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நமக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் பொறுத்தேன். மூன்றாவது வருஷம் கல்யாணம் நிச்சயமானதும் என்னால் முடியவில்லை. வெறுங்கையோடு மணவறையில் உட்கார மனசு வரவில்லை. உன்னிடம் சொல்லாமல் போய் எஃகு வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நல்லா இருக்கிறது என்றாய். அதோடு விட்டிருக்கலாம்.

"ரெண்டாவதா புடிச்சத வாங்கினா, மொதல்ல புடிச்சது கனவுல வந்து நிக்கும்டா."

அதைச் சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். வந்து நின்றது. ஊரே என் கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. நான் மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அலமாரியில் இருக்கும் மற்றதைப் பார்த்தேன். நீயோ இன்னும் நாலு வருஷம் வெறுங்கையாகத் திரிந்தாய். யாராவது உன்னிடம் மணி கேட்டால் வெறும் மணிக்கட்டை நீட்டி, "வந்துக்கினே இருக்குது" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது.

மில் கேட்டில் ஒரு மேசை, ஒரு நோட்டு, கணீர்க் குரலில் ஒரு குமாஸ்தா. தங்கத்தில் எது உடம்பில் இருந்தாலும் உள்ளே போகும்போது அவரிடம் எழுதிவிட்டுப் போக வேண்டும். எழுதாத தங்கம் வெளியே வந்தால் அது மில் தங்கம்தான், வேலை போகும், ஜெயிலும் உண்டு. எழுதும்போது அவர் ஊருக்கே கேட்கும்படி கத்துவார்: "மோதிரம் ஒண்ணு! கடுக்கன் ரெண்டு!" அன்று வரிசையில் எனக்கு ஐந்தாறு பேர் பின்னால் நீ நின்றாய். தற்செயலாகத் திரும்பினேன். உன் கையில் வெயில் பட்டு மின்னியது. நீ என்னைப் பார்த்துக் கையைத் தூக்கப் போனாய்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே போயும் உன் பக்கம் வரவில்லை. ஏதோ வேலை இருப்பதுபோல அந்தக் கோடியிலேயே நின்றேன். வயிற்றெரிச்சல் என்பார்களே, அது வெறும் வார்த்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று நிஜமாகவே வயிறு எரிந்தது.

ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது காவலர் தடவிப் பார்த்தார். உன் சட்டைக்கைக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. நோட்டைப் புரட்டினார்கள், உன் பேர் இல்லை. உன் தோளைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போனார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரே ஒரு கணம் எனக்குள் 'நல்லா வேணும்' என்றது. அடுத்த கணம் உன் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்துப்போய், திருடன் என்று எவனோ சொல்லிவிட்டதுபோல நின்றாய். நீ சம்பாதித்தால்தான் உன் வீட்டில் அடுப்பு எரியும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

அந்த அறைக்குள் நான் எப்படிப் போனேன் என்பது நினைவில்லை. வாட்சை ஏன் எழுதவில்லை என்று அதிகாரி உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நீ "மறந்துட்டேன் சார்" என்பதையே திருப்பிச் சொன்னாய். நான் குறுக்கே விழுந்தேன்.

"எழுதத்தான் வந்தான் சார். காலையிலயே எனக்குக் காட்டினான். சங்கு ஊதிட்சி, அப்பால எழுதிக்கலாம் வாடான்னு நாந்தான் இழுத்துக்கினு போனேன்."

வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக நான் பொய் சொன்னதில்லை. நீ என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் மாட்டியிருப்போம். வாட்சுக்குள் தங்கப்பொடி ஒளித்திருக்கிறதா என்று பேனாக்கத்தியால் மூடியை நெம்பினார்கள். அந்தச் சத்தம் இப்போதும் பல்லைக் கூசவைக்கிறது. உள்ளே சக்கரங்களைத் தவிர ஒன்றுமில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் பில் நகலோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கடைசியில் இரண்டு பேருக்கும் மூன்று நாள் சஸ்பெண்ட், ஒரு எச்சரிக்கை, அதோடு போனது. வெளியே வந்ததும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். மாட்டிக்கொண்டவன் நீ, முதுகைத் தட்டிக் கொடுத்ததும் நீதான்.

வீட்டில் உன் அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். "எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ" என்று கரித்துக்கொட்டினார்கள். நான் அதே கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண் யாருடையது என்று எனக்குத் தெரியும். மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினார்கள், நான் எழுந்து வெளியே போய்விட்டேன். என் பொறாமைதான் உன்னை அந்த அறையில் நிறுத்தியது என்று அன்று எனக்குள் ஒன்று விழுந்தது. பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

கத்தி பட்ட வாட்ச் ஒரு வாரம் தாறுமாறாக ஓடி நின்றுபோனது. நம் நந்திதுர்க் சுரங்கத்திலிருந்து பெங்களூருக்கு எத்தனை பேர் போய் வந்தார்கள், கொடுத்தனுப்பி ரிப்பேர் செய்திருக்கலாம். நீ செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "டைம் இன்னாடா?" என்று என்னைக் கேட்பாய். கையிலே தங்கத்தைக் கட்டிக்கொண்டு என்னை ஏன் கேட்கிறாய் என்று நான் சீண்டினால், "ஓடாட்டியும் இதாண்டா வாட்ச்" என்பாய். கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், நீ அப்படிக் கேட்கக் கேட்கத்தான் என் எஃகு வாட்ச் எனக்குப் பிடித்தது. அலமாரிக் கனவு நின்றுபோனது. எதை வாங்கியிருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய வழக்கை நான் தள்ளுபடி செய்துவிட்டேன். நீ மட்டும் அப்பீலிலேயே இருந்தாய்.

போன வருஷம் நெஞ்சுச் சளியோடு நீ படுத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம். இனிமேல் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது என்று தோன்றிவிட்டது. வரிசையில் உன் வாட்சைப் பார்த்ததையும், வயிறு எரிந்து முகத்தைத் திருப்பியதையும், உன் அம்மா சபித்த பாவி நான்தான் என்பதையும் சொன்னேன். உன்னைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நீ இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"தெரியும்டா. நீ மூஞ்ச திருப்பிக்கினத பாத்துதான் சட்டக்கைய எறக்கி உட்டேன். அந்த ஆளு 'தங்க வாட்ச் ஒண்ணு'ன்னு கத்துவான். ஒன் காதுல உழ வேணாம்னு பாத்தேன்."

பதினைந்து வருஷம்! நீ மறந்தாய் என்று நினைத்தேன், கண்ணேறுக்குப் பயந்து மறைத்தாய் என்று நினைத்தேன். என் கண்தான் உன்னைச் சுட்டது என்று நினைத்தேன். எனக்கு வலிக்கக் கூடாது என்று, வேலை போகும் என்று தெரிந்தே அந்த மேசையைத் தாண்டினாய் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவே இல்லையே என்றாய். பிறகு வழக்கம்போல மணி கேட்டாய். மூன்றரை என்றேன். டீ வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டாய். அன்று உன் வீட்டிலிருந்து திரும்பும்போது எனக்கு நடையே இலகுவாக இருந்தது. பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்த மைதானத்தில் நானும் ஒரு பந்தை உதைத்துவிட்டுப் போனேன்.

வாட்ச் இப்போது ஓடுகிறது. என் மேசையில், எஃகுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் இரண்டு நிமிஷம் வித்தியாசம், உன்னுடையதுதான் முந்துகிறது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, அங்கே கேட்டில் யாரும் கையைத் தடவ மாட்டார்களாம். விசாரித்துவிட்டேன்.

உன் மகள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். "அப்பாவுக்குப் பதிலா நீங்கதான் மாப்பிள்ளைக்குக் கட்டி உடணும் சித்தப்பா." கோட்டு போட்டுக்கொண்டு வரப் போகிறானாம், நீளக் கை. இருக்கட்டும். முதலில் அந்தக் கையை முழங்கை வரை மேலே தள்ளிவிட்டுத்தான் கட்டுவேன். கூட்டம் முழுக்கப் பார்க்கட்டும். எல்லோருக்கும் முன்னால் நான் பார்ப்பேன்.